தவச்செல்வன் பார்த்த முப்பது ஆட்டங்கள்

சுவிஸ் நாட்டுக்கு இந்த வருடம் யார் ஜனாதிபதி என்று கேட்டால் தவச்செல்வன் முழிப்பார். ஸ்பெயின் நாட்டு ஹான்ட்போல் லீக்கில் பதினான்காவது இடத்தில் எந்த அணி நின்றது, அதற்கு எத்தனை ஆட்டம் மிச்சம் இருந்தது, அதில் எத்தனை சொந்த மண்டபத்தில் என்று கேட்டுப் பாருங்கள். சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார். வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்தெட்டு வருடமாக உருளைக்கிழங்கு அவிக்கிற மனிதருக்கு அந்த லீக்கால் ஆகவேண்டியது என்ன? அவருடைய ஒரே மகன் கிஷோபன் போன பருவம் முழுவதும் அங்கே விளையாடினான். அந்த ஒரு பருவத்தில் அந்த வீடு பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. மறைக்கப் போவதில்லை.

என் பெயர் சிவகலா. தமிழுக்கும், எங்கள் ஆட்கள் டொச் என்கிற ஜெர்மன் மொழிக்கும் நடுவில் முப்பத்தைந்து வருடமாக மொழிபெயர்ப்பாளர் வேலை பார்க்கிறேன். எங்கள் சனம் வைத்தியரிடம் போனாலும், பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், அகதி விசாரணைக்குப் போனாலும், நடுவில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்துக் கதையையும் மாற்றிச் சொல்கிறவள் நான். தவச்செல்வன் குடும்பம் எனக்கு மேல்மாடி. அவர் என்னைவிட ஐந்து வயது இளையவர். அவர் என்னை அக்கா என்பார், நான் தவம் என்பேன். அவருடைய மனைவி பரமேஸ்வரி ஞாயிற்றுக்கிழமைகளில் தோசை சுட்டால் எனக்கும் நான்கு வரும். இவ்வளவு நெருக்கம் இருந்தும் அந்த மனிதர் ஒரு காகிதத்தைக்கூட என்னிடம் வாசிக்கத் தந்ததில்லை. என்னை விட்டுவிட்டு ஊரில் இருக்கிற எல்லாரிடமும் கேட்பார். அது ஏன் என்று எனக்கு நீண்ட காலம் விளங்கவில்லை. கொஞ்சம் கோபமும் இருந்தது.

ஹான்ட்போலைத் தமிழில் கைப்பந்து என்றதும் எங்கள் ஆட்களுக்கு வலைக்கு மேலால் அடிக்கிற கரப்பந்துதான் நினைவு வரும். இது வேறு. பக்கத்துக்கு ஏழு பேர், இரண்டு கோல் கம்பம், பந்தைக் கையால் எறியவேண்டும், அறுபது நிமிடம் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளவேண்டும். கிஷோபன் பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்ட விளையாட்டு. அவன் இடக்கையன். சின்ன வயதில் இடக்கையால் சோறு அள்ளுகிறான் என்று பரமேஸ்வரி புறங்கையில் தட்டித் தட்டிப் பார்த்தாள், அந்தக் கை மாறவில்லை. வலது ஓரத்தில் நின்று எறிய இடக்கையர்கள் கிடைப்பது அருமையாம். இருபத்திரண்டு வயதில் ஸ்பெயினிலிருந்து அழைப்பு வந்தது. வடக்கே கடற்கரையில் ஒரு சின்ன ஊர், எப்போதும் மழை, ஏழை அணி. ஆனாலும் முதல்தர லீக். பார்சலோனாவோடு விளையாடப் போகிறான் என்று தவச்செல்வன் கோயிலில் ஆள் ஆளாகச் சொல்லித் திரிந்தார்.

இனி காகிதக் கதை. கிஷோபன் வின்டர்தூரில் பிறந்தவன். ஆனால் அவனிடம் சுவிஸ் கடவுச்சீட்டு இல்லை. நிரந்தர வதிவிட அனுமதியான சி அட்டை இருந்தது, இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தது. குடியுரிமைக்கு விண்ணப்பித்து ஒரு வருடமாகியிருந்தது. இலங்கையை ஒன்பது வயதில் மூன்று கிழமை பார்த்திருக்கிறான். வயிற்றோட்டம் பிடித்துப் படுத்தது மட்டும்தான் ஞாபகம் என்பான்.

சி அட்டைக்காரர் நாட்டைவிட்டு ஆறு மாதம் வெளியே வாழ்ந்தால் அந்த அட்டை தானாகச் செத்துவிடும். யாரும் வந்து பறிக்கத் தேவையில்லை. அந்த ஆறு மாதம் முடியும் முன்பு, இன்ன காரணத்துக்குப் போகிறேன், அனுமதியை வைத்திருங்கள் என்று ஒரு விண்ணப்பம் கொடுத்தால் நான்கு வருடம்வரை வைத்திருக்க வழி உண்டு. அவன் முன்பு ஆடிய வின்டர்தூர் கழகத்தின் செயலாளர் நல்ல மனுஷி. ஜூன் மாதமே விண்ணப்பத்தை நிரப்பி, உறையில் போட்டு, கிஷோபனிடம் கொடுத்தார். அவன் கையெழுத்திட்டு, உறையை ஒட்டித் தகப்பனிடம் கொடுத்தான். அந்த வீட்டில் காகிதம் எல்லாம் தகப்பனின் பொறுப்பு. இரண்டு நாள் கழித்துக் கேட்டபோது தவச்செல்வன், குடுத்திட்டன், நீ விளையாட்டைப் பார் என்றார். ஜூலை இருபதாம் தேதி பையன் விமானம் ஏறினான்.

செப்டெம்பரில் லீக் தொடங்கியது. பதினாறு அணிகள், ஒவ்வொன்றோடும் இரண்டு தரம், மொத்தம் முப்பது ஆட்டம். கடைசி இரண்டு இடத்தில் நிற்கும் அணிகள் இரண்டாம் தரத்துக்கு இறங்கவேண்டும், பதினான்காவது அணி ஒரு கூடுதல் போட்டியில் தப்பப் பார்க்கலாம். தவச்செல்வன் சனிக்கிழமை வேலையைக் காலை முறைக்கு மாற்றிக்கொண்டார். ஆட்டம் தொடங்க அரை மணி நேரம் முன்பு குளித்து, விபூதி பூசி, மகனின் பழைய டப்லெட் கணினியை மேசையில் நிறுத்திவைத்து உட்காருவார். ஸ்பானிய வர்ணனையில் ஒரு சொல்லும் விளங்காது. மகன் பெயரை அவர்கள் "கிசோபான்" என்று இழுத்துச் சொல்வது மட்டும் விளங்கும். அந்த இழுப்புக்கு ஒரு சிரிப்பு சிரிப்பார் பாருங்கள், அப்படி அந்த மனிதர் வேறு எதற்கும் சிரித்து நான் கண்டதில்லை.

முதல் பாதி நன்றாகத்தான் போனது. பார்சலோனாவில் பதினேழு கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள், அதில் வெட்கமில்லை, அங்கே எல்லாரும் தோற்பார்கள். கிறிஸ்மஸுக்கு முன் அணி பதினோராவது இடம். கிஷோபனுக்கு நாற்பத்தொரு கோல். முதல்தரத்தில் நிலைத்தால் இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் என்று கழகத் தலைவர் கைகொடுத்துச் சொன்னாராம்.

இடையில் ஒரு விஷயம் எனக்குப் புதினமாக இருந்தது. ஒரு சனி ஞாயிறு ஓய்வு கிடைத்தாலும் தவச்செல்வன் மகனை வீட்டுக்கு வரச்சொல்லி நெருக்குவார். இரண்டு விமானம் மாறி வந்து, ஒரு இரவு படுத்து, திரும்பிப் போவான். பயிற்சியாளருக்கு அது பிடிக்கவில்லை. தாய் தேடுகிறாள் என்று தவச்செல்வன் காரணம் சொன்னார். பரமேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜனவரியில் லீக்குக்கு விடுமுறை. பையன் இரண்டு கிழமை வீட்டில் நின்றான். என் வீட்டுக்கும் வந்து இருபது தோசையை முடித்தான்.

மார்ச்சில் தேசிய அணிகளுக்காக லீக் ஒரு கிழமை நின்றபோது, குடியுரிமை நேர்காணலுக்கு நகரசபை அவனை அழைத்தது. தகப்பன் சொல்லி அனுப்பிய புத்தி: விளையாட்டைப் பற்றிக் கேட்டால் பயிற்சி முகாம் என்று சொல்லு. பையன் இங்கே பிறந்து வளர்ந்தவன், அவனுக்குப் பொய் சொல்ல என்ன தேவை? விண்ணப்பம் கொடுத்தாயிற்று என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறான். நேர்காணல் செய்த அம்மாவின் மகனும் ஹான்ட்போல் ஆடுகிறவனாம். அவர் ஸ்பெயினைப் பற்றி ஆசையாகக் கேட்டிருக்கிறார். இவனும் ஆசையாகச் சொல்லியிருக்கிறான். ஜூலையிலிருந்து அங்கேதான் இருக்கிறேன், வாடகைக்கு அறை எடுத்திருக்கிறேன், கடல் தெரியும் என்று. அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, ஜூலையிலிருந்தா என்று இன்னொரு தரம் கேட்டாராம். பிறகு அவர் ஹான்ட்போலைப் பற்றிக் கேட்கவேயில்லை.

ஏப்ரல் முதல் கிழமை குடிவரவு அலுவலகத்துக் கடிதம் வந்தது. அனுமதி ஜனவரி இருபதாம் தேதியோடு இல்லாமல் போய்விட்டது என்று எழுதியிருந்தது. குடியுரிமை விண்ணப்பமும் மேற்கொண்டு நடக்காது. நான் நாட்காட்டியைப் பார்த்தேன். ஜனவரி இருபதாம் தேதி அந்தப் பிள்ளை மேல்மாடியில் தன்னுடைய கட்டிலில் படுத்திருந்தான். அன்றைக்குத்தான் அவனுக்கு இந்த நாட்டில் இருக்கிற உரிமை முடிந்திருக்கிறது. ஸ்பெயினில் வேலை அனுமதி ஜூன் முப்பதுவரை. கழகம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் அதுவும் நீளும். புதுப்பிக்காவிட்டால் அவனுக்குப் போக ஒரே ஒரு நாடுதான் மிச்சம், வயிற்றோட்டத்துக்காக மட்டும் அவன் ஞாபகம் வைத்திருக்கிற நாடு.

முதன்முறையாகத் தவச்செல்வன் ஒரு காகிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். ஜூனிலேயே குடுத்தனான் அக்கா, அவங்கள் துலைச்சுப்போட்டாங்கள் என்றார். எனக்கு ஏறிய கோபத்துக்கு அளவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். முப்பத்தைந்து வருடத்தில் அந்த அலுவலகங்களில் நான் விழுங்கிய எல்லாவற்றையும் அதில் கக்கினேன். உங்கள் அலட்சியம் ஒரு இளைஞனின் வாழ்க்கையை அழிக்கிறது என்றுகூட எழுதினேன். கிஷோபன் தொலைபேசியில் அழுதான். நான் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் அன்ரி, நான்தான் கதைச்சுக் கெடுத்தனான் என்றான். உன்னில் பிழை இல்லையடா, அவர்கள்தான் தொலைத்தார்கள் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

பத்து நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். அப்படி ஒரு விண்ணப்பம் எங்களிடம் பதிவாகவில்லை, கையளித்த சான்று இருந்தால் அனுப்புங்கள், உடனே பார்க்கிறோம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தவச்செல்வனைக் கீழே கூப்பிட்டு, பற்றுச்சீட்டு எங்கே, தபாலில் போட்டீர்களா, நேரே கொடுத்தீர்களா என்று கேட்டேன். அவர் மேலே போய்த் திரும்பி வந்தார். கையில் அந்த உறை இருந்தது. ஒட்டிய உறை ஒட்டியபடி. மூலையில் சந்தனப் பொட்டு. சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பத்து மாதம் இருந்திருக்கிறது. அனுப்பவேண்டிய கடிதத்தைப் பிள்ளையாருக்குப் பின்னால் வைத்தால் அவரா தும்பிக்கையில் தூக்கிக்கொண்டு அலுவலகம் போவார்?

"ஏன் தவம்?" என்று மட்டும் கேட்டேன்.

"குடுத்தா, பெடியன் நாட்டிலை இல்லை எண்டு அவங்களுக்குத் தெரிஞ்சிடும் அக்கா. குடியுரிமையை நிப்பாட்டிப்போடுவாங்கள். ஒன்பது மாதம்தானே. ஒவ்வொரு மாதமும் வந்து ஒரு இரவு படுத்திட்டுப் போனா, ஆறு மாதக் கணக்குப் புதுசாத் தொடங்கும் எண்டு கோயிலிலை சொன்னவை."

அப்படித் தொடங்காது. வந்து பார்த்துவிட்டுப் போகிற நாட்களை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இது எனக்குத் தெரியும், மாதம் இரண்டு பேருக்குச் சொல்கிற விஷயம். அந்தப் பிள்ளையை விமானம் விமானமாக ஏற்றி இறக்கியது இதற்குத்தான். இன்னும் ஒன்றும் சொன்னார். நவம்பரில் நகரசபையிலிருந்து, வதிவிடத்தில் மாற்றம் ஏதும் உண்டா என்று ஒரு படிவம் வந்ததாம். இல்லை என்று கோடு போட்டு, மகனுடைய கையெழுத்தைத் தானே வைத்து அனுப்பினாராம். அது விளையாட்டில்லை, பொய்க் கையெழுத்து. அவருடைய சொந்த அட்டைக்கும் ஆபத்து.

ஒரு மாடி கீழே நான் இருக்கிறேனே, என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கக் கூடாதா என்று கத்தினேன். அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தொண்ணூற்றிரண்டிலை என்ரை விசாரணை. அம்மா எங்கை எண்டு கேட்டவங்கள். கொழும்பிலை வெள்ளவத்தைக்கு வந்திட்டா, சுகமா இருக்கிறா எண்டனான். உண்மையைத்தான் சொன்னனான். நிராகரிச்ச கடிதத்திலை அதைத்தான் முதல் எழுதியிருந்தாங்கள், குடும்பம் கொழும்பிலை பாதுகாப்பா இருக்குது எண்டு. அதை டொச்சிலை சொன்னது நீங்கள்தான் அக்கா."

எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வருடங்களில் ஒரு நாளைக்கு மூன்று விசாரணை செய்திருக்கிறேன். அவர் சொன்னதைத்தான் நான் சொல்லியிருப்பேன், அதுதான் என் வேலை. அதற்குப் பிறகு எட்டு வருடம் அவர் தற்காலிக அனுமதியில், எப்போது பிடித்து அனுப்புவார்களோ என்று சப்பாத்தைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் படுத்திருக்கிறார். அந்த எட்டு வருடத்தில் அவர் படித்துக்கொண்ட ஒரே பாடம், கூப்பிடாமல் அலுவலகத்தின் முன்னால் போகாதே, கேட்காததைச் சொல்லாதே என்பதுதான். அன்றைக்கு நான் அவரைத் திட்டவில்லை.

பிள்ளைக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். பருவம் முடியட்டும் என்றார். இன்னும் ஐந்து ஆட்டம். இப்போது சொன்னால் கை நடுங்கும், அணி இறங்கினால் ஒப்பந்தம் போய்விடும், ஒப்பந்தம் போனால் ஸ்பெயினும் போய்விடும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் ஒத்துக்கொண்டேன். பரமேஸ்வரிக்கு முன்பே தெரிந்திருந்தது. மூன்று பெரியவர்கள் சேர்ந்து அந்தப் பிள்ளையிடம் மறைத்தோம். ஒவ்வொரு நாளும் அவன், நான் கதைச்சுக் கெடுத்தனான் என்று சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு நானும் சனிக்கிழமைகளில் மேல்மாடியில் உட்கார்ந்தேன். கோல் காப்பாளரின் முழங்கால் போய்விட்டது. நடுவில் ஆடிய செர்பியனை வேறு கழகம் வாங்கிக்கொண்டது. கிஷோபன் வெறும் கோலைப் பார்த்து எறிந்து கம்பத்தில் அடித்தான். பயிற்சியாளர் அவனை உட்கார வைத்தார். வாங்கில் துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததைக் கமெரா காட்டியது. தவச்செல்வன் திரையைத் துடைத்தார், அதில் தூசு ஒன்றும் இருக்கவில்லை. பதினொன்று பன்னிரண்டாகி, பதினான்காகி, கடைசி ஆட்டத்துக்கு முன் பதினைந்தில் வந்து நின்றது. கடைசி ஆட்டத்தை வென்றால் ஒரு புள்ளி வித்தியாசத்தில் பதினான்காவது இடத்துக்கு ஏறி, அந்தக் கூடுதல் போட்டிக்குப் போகலாம், எதிரணிக்கு அந்த ஆட்டத்தால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லை. சமநிலையில் முடிந்தாலும் இறக்கம்தான்.

முதியோர் இல்லத்தில் மூன்று நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு தவச்செல்வன் ஸ்பெயினுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார், உண்மையைச் சொல்லும்போது பக்கத்தில் நில்லுங்கோ என்று. சின்ன மண்டபம். இரண்டாயிரம் சனம், மேளம், பீப்பீ. டப்லெட்டில் சின்னதாகத் தெரிந்த பிள்ளை நேரில் பார்க்க எவ்வளவு பெரியவனாக இருந்தான். அன்றைக்கு அவன் விளையாடியதுதான் விளையாட்டு. ஓரத்திலிருந்து பறந்து பறந்து ஆறு கோல், எறிந்தது ஏழு. இருபத்தேழுக்கு இருபத்தேழு நின்றபோது இருபது செக்கன் மிச்சம். பந்து இவர்கள் கையில். கிஷோபன் ஓரத்தில் தனியே நின்று கையைத் தூக்கிக் கேட்டான். நடுவில் நின்றவன் கொடுக்கவில்லை, தானே எறிந்தான், தடுத்துவிட்டார்கள். மணி அடித்தது.

மேளம் நின்றது. பெரிய பெரிய ஆண்கள் தரையில் படுத்து அழுதார்கள். தவச்செல்வன் எழும்பவில்லை. மண்டபத்தைக் கழுவ ஆட்கள் வந்த பிறகுதான் நாங்கள் வெளியே போனோம்.

வாகனம் நிறுத்தும் இடத்தில் தலை ஈரத்தோடு கிஷோபன் வந்தான். தகப்பனைக் கட்டிப் பிடித்து, சொறி அப்பா, தோத்திட்டம் என்றான். தவச்செல்வன் அவன் கையை விலக்கிவிட்டு, நின்ற நிலையில் சொன்னார். உறை, பிள்ளையார் படம், நவம்பர்க் கையெழுத்து, எல்லாம். ஒன்றையும் குறைக்கவில்லை. அவர் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.

கிஷோபன் பையைக் கீழே வைத்தான்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

அவன் என்னைப் பார்த்தான். "உங்களுக்கும் தெரியுமோ அன்ரி?"

நான் தலையாட்டினேன். எனக்கு மட்டும்தான் தெரியாது என்று அவன் சுவிஸ் டொச்சில் சொன்னான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டான். அன்று இரவு நாங்கள் தங்கிய விடுதிக்கு வரவில்லை, அடுத்த நாள் தொலைபேசியையும் எடுக்கவில்லை. திரும்பி வந்த பிறகு தாயோடு மட்டும் கதைத்தான். தகப்பன் பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிந்தால் வைத்துவிடுவான்.

கழகம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இரண்டாம் தரத்துக்கு இறங்கிய அணியிடம் அதற்கு வசதி இல்லை. மிச்சம் இருந்தது ஒரே வழி. இங்கே வளர்ந்தவன், மறுபடி வர விடுங்கள் என்று ஒரு மீள்வருகை விண்ணப்பம். அதைப் போட்டுவிட்டு இலங்கைக்குப் போய், அங்கேயிருந்து காத்திருக்கவேண்டும். எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது, கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. விண்ணப்பத்தோடு, ஏன் காலம் தவறியது என்று ஒரு விளக்கக் கடிதம் வைக்கவேண்டும். நடந்ததை நடந்தபடி எழுது, நீ கையெழுத்திட்டுக் கொடுத்தாய், உன்னில் பிழை இல்லை என்பது உனக்கு உதவும் என்று அவனுக்கு நான் செய்தி அனுப்பினேன். மூன்று நாளில் கடிதத்தின் பிரதி வந்தது, மூலத்தை விண்ணப்பத்தோடு அவனே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டிருந்தான். ஒரு பக்கம்கூட இல்லை. விண்ணப்பத்தை என் தந்தை என்னிடமே தந்து, கொண்டுபோய்க் கொடு என்றார், நான் மறந்துவிட்டேன், நவம்பர்ப் படிவத்தையும் நானே கையெழுத்திட்டு அனுப்பினேன், தவறு என்னுடையது என்று எழுதியிருந்தான்.

தவச்செல்வன் என் குசினி மேசையில் அதை விரல் வைத்து வாசித்தார். அவருக்கு எழுத்து டொச் அவ்வளவாக வராது. ஆனால் "மைன் ஃபேலர்", என்னுடைய பிழை, என்பது அவருக்குத் தெரியும். உருளைக்கிழங்கு கரிந்தாலும், தட்டு உடைந்தாலும் இருபத்தெட்டு வருடமாக அந்தச் சமையலறையில் அவர் சொல்லி வந்த சொல். இதனால் அவனுக்கு வாய்ப்புக் குறையுமோ என்று கேட்டார். குறையும் என்றேன். அவர் அந்தக் காகிதத்தின்மேல் நெற்றியை வைத்து அழுதார். ஐம்பத்தைந்து வயது மனிதர், முதுகு குலுங்க அழுதார். நான் தேத்தண்ணி வைத்தேன், வேறு என்ன செய்ய?

அடுத்த நாள் காலை அவர் கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். இருவரும் ரயிலில் குடிவரவு அலுவலகத்துக்குப் போனோம். இலக்கம் எடுத்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். அவர் ஒரு தரமும் எழும்பிப் போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இளைஞன். தவச்செல்வன் தன்னுடைய சமையலறை டொச்சில், தானே சொன்னார். கடிதத்தைக் கொடுக்காமல் வைத்திருந்தது நான். கையெழுத்துப் போட்டது நான். மகனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் எழுதியது பொய். சந்தனப் பொட்டோடு அந்த உறையையும் துவாரத்தால் தள்ளினார். என்னுடைய இரண்டு பக்கக் கடிதத்துக்கு நானும் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பையன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, இது உங்களுடைய அனுமதிக்கும் பிரச்சினை ஆகலாம், விளங்குகிறதா என்று கேட்டான். யா என்றார். மகனுக்கு இது உதவுமா என்று என்னால் சொல்லமுடியாது, முடிவு தபாலில் வரும் என்றான்.

வெளியே வந்ததும் தவச்செல்வனின் முகத்தில் ஒரு வெளிச்சம். ஒரு வருடமாக நான் பார்க்காத வெளிச்சம். தன்னுடைய எண்ணிலிருந்து எடுத்தால் எடுக்கமாட்டான் என்று என்னுடைய தொலைபேசியை வாங்கி, சத்தமாகப் போட்டுப் பிடித்தார். கிஷோபன் எடுத்தான். பின்னால் பெட்டிக்கு ஒட்டுநாடா இழுக்கும் சத்தம் கேட்டது, அறையைக் காலி செய்துகொண்டிருந்தான்.

"தம்பி, அப்பா. வைச்சிடாதை. நான் போய் எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். நான்தான் செய்தனான் எண்டு சொல்லிப்போட்டன்."

ஒட்டுநாடாச் சத்தம் நின்றது.

"ஏன் அப்பா சொன்னீங்கள்? உங்களையெண்டாலும் அவங்கள் விடட்டும் எண்டுதானே நான் அப்பிடி எழுதினனான். இப்ப உங்களையும் அனுப்பினா அம்மாவோடை ஆர் இருக்கிறது?"

தவச்செல்வன் தொலைபேசியை வாய்க்கு இன்னும் கிட்டப் பிடித்தார்.

"இந்த முறையும் என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை," என்றான் கிஷோபன்.